சாகத் தவறிய மாவு

ஆடிக் காற்று பஞ்சுத் தூசியை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பங்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒண்டிப்புதூருக்குப் பக்கத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் நூல்காரர் வீதியில், துளசிமணியின் மாவுக்கடையில் இருந்த பெரிய அண்டாவுக்குள் இட்லிமாவு ஒருதரம் விக்கியது. விக்கிவிட்டு, விக்கல் வந்தவர்கள் எல்லாரும் செய்வதுபோலவே, கொஞ்சநேரம் சும்மா இருந்து பார்த்தது. பிறகு மறுபடியும் விக்கியது. பொங்கியிருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த துளசிமணி, பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற, விக்கல் நின்றுவிட்டது. தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

உறைத்த பிறகும் அவள் கத்தவில்லை, கடையைப் பூட்டவில்லை. வாசலில் ஆட்கள் தூக்குப்போசியோடு நின்றிருந்ததால் வழக்கம்போல் வலதுகையை உள்ளே விட்டாள். கரண்டியால் கலக்கினால் மாவு கைகொடுக்காது, கைச்சூடு இறங்கவேண்டும், கைக்குக் கை மாவு வேறு என்பது அந்த வீதியில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி; அண்டாக்கணக்கில் ஆட்டி விற்கிற துளசிமணியும் ஆட்டுவதற்குத்தான் மெஷின் வைத்திருந்தாளே தவிர உப்புப் போட்டுக் கரைப்பதற்குத் தன் கையைத்தான் நம்பினாள். அந்தக் கையை மாவு பிடித்துக்கொண்டது. இறுக்கவில்லை, இழுக்கவில்லை, காய்ச்சல் கண்ட ஆளின் அக்குளுக்குள் கையை விட்டதுபோல் வெதுவெதுப்பாக, ஈரமாக, மெல்ல மூடிக்கொண்டது, மேலே படிந்திருந்த ஏட்டில் சின்னச் சின்னதாகப் புல்லரித்தது. துளசிமணி கையைப் பிடுங்கி, புளி போட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, கடைசியில் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள்; அந்த வெதுவெதுப்பு போகவில்லை.

"ஏனுங்க, மாவு விக்குதுங்க," என்று புருஷன் நஞ்சப்பனிடம் சொன்னாள்.

"விக்கட்டும். விக்கற மாவுதான் விக்கும்," என்றான் அவன், தன் பேச்சைத் தானே மெச்சிச் சிரித்துக்கொண்டு அண்டாவை வாசலுக்கு நகர்த்தினான். மனுஷன் அப்படிப்பட்டவன். வீடு எரிந்தால் அந்த அனலில் ஒரு ஈடு இட்லி வேகுமா என்று பார்ப்பான்.

காரணம் வீதிக்கே தெரியும், வாய்விட்டுத்தான் யாரும் சொல்லவில்லை. போன தை மாதத்தில் நஞ்சப்பனின் அம்மா படுத்த படுக்கையிலேயே போய்ச் சேர்ந்த அன்று, ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய மாவு அண்டா நிறைய இருந்தது. சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீர், சோறு, மாவு எல்லாவற்றையும் கொட்டிக் கழுவவேண்டும், அதுதான் முறை. நஞ்சப்பன் ஊர் பார்க்கத் தண்ணீரைக் கொட்டினான், சோற்றைக் கொட்டினான். மாவு அண்டாவை மட்டும் ஈரச்சாக்குப் போட்டு மூடிக் குளியலறையில் ஒளித்துவைத்தான். முன்னறையில் அம்மா விறைத்துக்கொண்டிருக்க, பின்னால் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கல்யாண வீடு அதைத் தின்று ஏப்பம் விட்டது. பனிக்காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கட்டும் என்று பழைய மாவில் ஒரு கை எடுத்துப் புதுமாவில் சேர்ப்பது வழக்கமாதலால், அந்த மாவிலிருந்து ஒரு கை அடுத்த மாவுக்கும், அதிலிருந்து ஒரு கை அதற்கடுத்த மாவுக்கும், பனி போன பிறகும் பழக்கம் போகாமல், போய்க்கொண்டேயிருந்தது. சாகவேண்டிய நாளில் சாகாமல் ஒளிந்து தப்பியது, அப்புறம் எதற்காகச் சாகப் போகிறது.

துளசிமணிக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பாலில் ஏடு மிதந்தால் குடிக்கமாட்டாள், அடுத்தவர் கடித்த பண்டத்தைத் தொடமாட்டாள். கல்யாணமாகி வந்த வீட்டில், "குடித்தனக்காரிக்கு என்ன குமட்டல் வேண்டிக்கிடக்குது?" என்று கேட்டார்கள், அதனால் குமட்டலை விழுங்கப் பழகினாள். நஞ்சப்பன் காலையில் காறிக் காறித் துப்பும் வாஷ்பேசினைக் கழுவும்போது விழுங்கினாள். மாமியாரின் படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போது விழுங்கினாள். அந்தச் சாவு வீட்டு மாவைக் கல்யாண வீட்டுக்காகக் கரைத்தபோதும், தொண்டை வரைக்கும் வந்ததை எச்சில் கூட்டி உள்ளே தள்ளினாள். இப்போது நாள்தோறும் சாயங்காலம் அந்த வெதுவெதுப்புக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கரைத்தபோதும் விழுங்கினாள். ஆனால் அந்தக் கையைச் சோற்றில் வைக்க அவளால் முடியவில்லை. பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது விரல்கள் மாவு வாசனை அடித்தன, புளித்த வாசனைகூட இல்லை, தூங்கி எழுந்தவர்களின் வாய் வாசனை. அவள் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள், பிறகு சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள்.

வீதி அப்படியெல்லாம் குறைத்துக்கொள்ளவில்லை. அந்த இட்லி வாயில் வைத்ததும் தானே நெகிழ்ந்து, தானே புரண்டு, தானே தொண்டைக்குள் இறங்கியது. "மெல்லவே வேண்டாமுங்க, அதுவே உள்ள போகுது," என்று ஆண்கள் முறுக்கு மீசையில் சட்னி வழிய மெச்சினார்கள். இட்லிப் பானைக்குள் ஆவி ஏறும்போது உள்ளிருந்து சின்னதாக ஒரு பெருமூச்சு கேட்கும். அது கேட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம், இனி குச்சி விட்டுக் குத்திப் பார்க்கவேண்டியதில்லை என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மாவு தூங்குகிற மத்தியான வேளையில் வீதியில் யாரும் பாத்திரத்தை உருட்டுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. காலையில் அண்டாவின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நீர் கழிந்து நின்றது. அதை முதலில் சாக்கடையில் ஊற்றினார்கள், பிறகு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்கள், செடி தளதளவென்று வந்ததும் தலைக்குத் தேய்த்தார்கள், கடைசியில் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு வயிறு சுத்தமானதாகச் சொன்னார்கள். மூலை வீட்டு மீனலோசனி அம்மாள் மட்டும், கந்தசஷ்டி வருகிறதே, இது சைவமா அசைவமா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். வீதி இரண்டு நாள் அதைப் பேசியது. மூஞ்சி இல்லாதது எதுவும் சைவம்தான் என்று முடிவாகி, முதல் ஈடு மீனலோசனி அம்மாள் வீட்டுக்கே போயிற்று.

நூல்காரர் வீதி நலச் சங்கத்தின் தலைவர் அங்கண்ணன் ஒருநாள் கைராசி பார்ப்போம் என்று தன் கையை உள்ளே விட்டார். மாவு அவர் கையைச் சுற்றிச் சுருங்கி, புளித்து, திரிந்து, அந்த ஈடு முழுவதும் கல்லாகப் போயிற்று. வேறு பெண்களும் முயன்றார்கள், அதேதான். துளசிமணி கைக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. அதற்குப் பிறகு துளசிமணியின் கை வீதியின் சொத்தாகிவிட்டது. வெங்காயம் நறுக்கக்கூடாது, காரம் தொடக்கூடாது, கொய்யாப்பழம் தின்னக்கூடாது, அதன் வாசனை விரலில் ஏறும் என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். எதிரே வருகிற பெண்கள், "கை எப்படி இருக்குது?" என்று கேட்டார்களே ஒழிய, "நீ எப்படி இருக்கற?" என்று கேட்கவில்லை. உள்ளங்கை ரேகைகள் ஊறி ஊறி வெளுத்து ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருப்பதைத் துளசிமணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கை திரும்ப வேண்டும், அதைக்கொண்டு அள்ளி ஒரு வாய் சோறு தின்ன வேண்டும்.

ஆகவே அவள் சங்கத்தில் முறையிட்டாள். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் கூடியது. அங்கண்ணன் நடுவில் உட்கார்ந்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற கனகசபாபதியை வரவழைத்து, சாக்பீஸும் கேரம்போர்டும் கொடுத்திருந்தார்கள்.

"சொல்லு அம்மிணி," என்றார் அங்கண்ணன்.

"அது உசுருங்க. உசுரத் திங்கறமுங்க, அதோட மூத்திரத்தக் குடிக்கறமுங்க. எனக்கு அருவருப்பா இருக்குதுங்க. நிறுத்திக்கலாமுங்க."

கூட்டம் சிரித்தது. "உசுரா? மாவும்மா அது. அரிசியும் உளுந்தும். நீதான ஆட்டுன?" என்றாள் மீனலோசனி அம்மாள்.

"மாவுன்னா சரிங்க. நாளைக்கே கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டீர்றனுங்க."

சிரிப்பு நின்றது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அடடா என்றது. "பாவமில்லையா?" என்றார் அங்கண்ணன், கண் கலங்கியேவிட்டார். "மூச்சு விடுது, தூங்குது, உங்கையத் தேடுது. அதப்போயி சாக்கடையிலயா? பெத்த வயிறா இருந்தா இப்படிப் பேசுமா?"

பிள்ளை இல்லாத துளசிமணி அதையும் விழுங்கினாள். தின்னும்போது மாவு, கொட்டும்போது உயிர் என்கிற இந்த நியாயத்தை எந்தப் பக்கம் பிடித்துத் திருப்புவது என்று தெரியாமல் பேராசிரியரைப் பார்த்தாள்.

கனகசபாபதி நல்ல மனிதர்தான், தெரிந்ததைச் சொன்னார். "உயிர்னா என்னன்னு எங்க படிப்புலயே ஒருத்தரும் முடிவாச் சொன்னதில்லைங்க," என்று தொடங்கி, கேரம்போர்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார்: தின்னும், வளரும், கழிக்கும், மூச்சு விடும், தொட்டால் உணரும், தன்னைப்போல இன்னொன்றை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆமாம் போட்டது. "ஆனா தீ இருக்குதில்லீங்களா, அதுவும் தின்னுது, வளருது, சாம்பலக் கழிக்குது, காத்து இல்லாட்டி அணையுது, ஒண்ணுலருந்து இன்னொண்ணு பத்திக்குது. அது உயிர் இல்லை. கோவேறு கழுதை குட்டி போடாது. அது உயிர்தான். பட்டியல வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இட்லிமாவுல எப்பவுமே கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்குது. அது ஒரு ஊர் மாதிரி, ஆளாளுக்கு அவங்கவங்க பொழப்பு. கேள்வி என்னன்னா, அந்த ஊரு இப்ப ஒரு ஆளா ஆயிருச்சாங்கறதுதான்."

"ஆளுன்னா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் துளசிமணி.

"ஆளுன்னா தான் எது, தான் இல்லாதது எதுன்னு அதுக்குத் தெரியோணும். தனக்கு ஆகாததை வெளிய தள்ளோணும். இது எதையும் தள்ளுன மாதிரி தெரியலையே," என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணும் சொல்லலாம். மாவும் உங்க கையும் சேந்துதான் ஒரு ஆளுன்னு. கை அதுக்கு உறுப்பு," என்றார். கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கை மாவின் உறுப்பு என்றால் அதை மாவிலிருந்து பிரிப்பது கொலைக்குச் சமானம் என்று அங்கண்ணன் தீர்ப்புச் சொன்னார், நஞ்சப்பன் எல்லாருக்கும் காபி கொடுத்தான்.

துளசிமணி மண்டபத்திலேயே உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தின்னும், அவள் தின்று எத்தனையோ நாளாயிற்று. வளரும், ரவிக்கைகள் தொளதொளத்துப் போயிருந்தன. தொட்டால் உணரும், எது பட்டாலும் சும்மா இருக்கத்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். இன்னொன்றை உண்டாக்கும் என்கிற வரியை அவள் படிக்கவில்லை. மாவு எல்லாவற்றிலும் ஜெயித்திருந்தது, அவள் எல்லாவற்றிலும் தோற்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கை வைக்கவில்லை. அடுத்த நாளும் வைக்கவில்லை. நஞ்சப்பன் கெஞ்சினான், கத்தினான், அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டான். மாவு பொங்காமல் அண்டாவின் அடியில் சுருண்டு படுத்தது; அதன் மேல் ஏடு தடித்து, சாம்பல் நிறமாகி, பொருக்குத் தட்டியது; பழைய புண்ணைத் திறந்ததுபோல ஒரு வீச்சம் கிளம்பி வீதி முழுக்கப் பரவியது. அந்த வீச்சத்திலும் ஆட்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். வேறு இட்லி அவர்களுக்கு இப்போது இறங்கவில்லை, மெல்ல வேண்டியிருந்ததாம்.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வீதி கடைக்குள் வந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எல்லாம் அன்பாகத்தான் நடந்தது. மீனலோசனி அம்மாள், "கண்ணு, ஒரே ஒரு தரம்," என்று சொல்லிக்கொண்டே துளசிமணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொருத்தி தோளைப் பிடித்தாள். அங்கண்ணன் மூடியைத் திறந்தார். நஞ்சப்பன், தாலி கட்டிய நஞ்சப்பன், முழங்கைக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்து அழுத்தினான். அவர்களின் வியர்வையும், மூச்சில் அடித்த மஞ்சள் நீரின் வாடையும் முகத்தில் படப் படத் துளசிமணிக்குக் குமட்டியது. மாவைவிட இவர்கள் கைகள் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒட்டுவதாக இருந்தன. அப்போதும் பழக்கத்தில் விழுங்கினாள்.

கை ஏட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. மாவு அதை மூடியது, ஒரு கணம் சும்மா இருந்தது, பிறகு இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. விரல்நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, அவள் கையை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. வெளியே வந்த கையில் மாவு ஒரு பொட்டுகூட இல்லை, துடைத்துவைத்ததுபோல உலர்ந்திருந்தது. தள்ளிய வேகத்தில் பிடி தவறி, அழுத்திக்கொண்டிருந்த நஞ்சப்பனின் கை உள்ளே விழுந்தது. அதைத் தொட்ட மாத்திரத்தில் மாவு முழுவதும் மயிர்க்கூச்செறிந்து, குலுங்கி, ஓங்கரித்தது.

ஓங்கரித்து, பொங்கி, அண்டாவைத் தாண்டி வழிந்தது. தரையில் இறங்கிய மாவு அங்கேயே நிற்காமல் வாசலைப் பார்த்து நகர்ந்தது. வழியில் நின்ற கால்களை ஒவ்வொன்றாக விலகி விலகி, சேறு கண்ட இடத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடப்பவளைப்போலத் தன் ஓரங்களைத் தூக்கிக்கொண்டு, அவர்களில் ஒருவர் மேலும் படாமல் போயிற்று. துளசிமணியின் காலடிக்கு வந்தபோது மட்டும் ஓரத்தைத் தூக்கவில்லை. பிறகு படியிறங்கி, வீதியைக் கடந்து, சாக்கடை விளிம்பில் சற்றுத் தயங்கி, உள்ளே இறங்கி, கருப்புத் தண்ணீரில் பரவிப் படுத்து, ஒருதரம் விக்கி, அடங்கிவிட்டது. இத்தனை பேரைவிடச் சாக்கடை சுத்தமாகப் பட்டிருக்கும் போல.

பேராசிரியர் கனகசபாபதி தூக்குப்போசியோடு வாசலில் நின்றிருந்தார். "தனக்கு ஆகாததை..." என்று தொடங்கினார். அதற்குள் அங்கண்ணன், "மேலாப்புல எடுத்தா ஒண்ணும் ஆகாது! அழுக்கு அடியிலதான் நிக்கும்!" என்று கத்திக்கொண்டு கரண்டியோடு ஓடினார். வீதியே ஓடியது. சாக்கடையின் இரு பக்கமும் குனிந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, மேலாப்பில் இருந்ததைக் கரண்டி கரண்டியாக வழித்தார்கள். மீனலோசனி அம்மாள் கரண்டி இல்லாமல் கையாலேயே வழித்தாள். பேராசிரியர் தான் சொல்ல வந்த வாக்கியத்தை முடிக்காமல், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெல்லப் போய்த் தானும் குனிந்தார்.

மறுநாள் காலை நஞ்சப்பன் ஒரு தட்டில் இட்லி வைத்துத் துளசிமணியின் முன்னால் தள்ளினான். இட்லி லேசாகச் சாம்பல் பூத்திருந்தது, பெருமூச்சு எதுவும் கேட்கவில்லை என்று அவனே சொன்னான். "இப்ப சந்தோசந்தான? ஆடல, அசையல. வெறும் மாவு. தின்னு புள்ள," என்றான். தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றான், மென்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்குது," என்றான். அவன் கடைவாயில் கருப்பாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது.

துளசிமணி அதைப் பார்த்தாள். தொண்டைவரை வந்தது. எச்சில் கூட்டி விழுங்கப்போனாள், இத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் அடியிலிருந்து எழும்பி, விழுங்க இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. அவள் விழுங்கவில்லை. தட்டின்மேல், அவன் மடியின்மேல், அம்மா போட்டோவுக்கு முன்னால் இருந்த ஊதுபத்தி ஸ்டாண்டின்மேல், குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் எடுத்தாள். வாசலில் பாத்திரத்தோடு நின்றவர்கள் சீ சீ என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

கொல்லைப்பக்கம் போய் வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, நிமிர்ந்தபோது அவளுக்குப் பசித்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு, காதடைக்கப் பசித்தது. பக்கத்து வீட்டுக் கொய்யாமரத்தின் கிளை சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கியது. பழுத்ததாக ஒன்றைப் பறித்து, வலதுகையாலேயே பிடித்து, கடித்தாள். சாறு உள்ளங்கையில் வழிந்து, ரேகை இருந்த தடங்களைத் தேடிப் பிடித்து ஓடியது.

நஞ்சப்பன் வேட்டியை மாற்றிக்கொண்டு பின்னால் வந்தான். "சரி, போனது போகட்டும். புதுசா அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டிருக்கறேன். சாயங்காலம் கை வெச்சுக் குடு," என்றான்.

அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள். "மாட்டனுங்க. அருவருப்பா இருக்குதுங்க."

"அதான் பழைய மாவு போயிருச்சே. இன்னும் எதப் பாத்து அருவருப்பு?"

துளசிமணி விதைகளை ஓரமாகத் துப்பினாள்.

"உங்களைப் பாத்துத்தானுங்க," என்றாள், அடுத்த வாய் கடித்தாள்.